தண்ணி போட்டுட்டு 40ல போறவனா, போடாம 110ல போறவனா, யாரால ஆபத்து ஜாஸ்தி?

பாலாத்துக்காரன்

வணக்கம் மக்களே. இந்த வாதத்த ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒருத்தர் பேசுவாரு, எங்க வீட்ல அது மச்சான். "ரெண்டு பெக் போட்டாலும் நான் 40ல ஓரமா தான் போவேன், நீ ஒரு சொட்டு தொடாம திண்டிவனம் தாண்டினதும் 110க்கு அழுத்துற, இதுல யாருடா ஊருக்கு ஆபத்து" அப்டிங்கறாரு. வாய்ச்சண்ட வேணாம், கணக்கு பாத்துடலாம்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட 2022 ரிப்போர்ட்ட எடுத்தேன். அந்த ஒரு வருஷத்துல நாடு முழுக்க 4,61,312 விபத்து, செத்தவங்க 1,68,491 பேர். இதுல அதிவேகம்ங்கற தலைப்புல மட்டும் 1,19,904 சாவு, நூத்துக்கு 71. குடி, போதை ரெண்டும் சேத்து 4,201 சாவு, நூத்துக்கு ரெண்டரை தான் வருது. தமிழ்நாடு விபத்து எண்ணிக்கைல முதலிடம், 64,105. சாவுல உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து நாம தான், 17,884.

இத காட்டினா மச்சான் இன்னும் நெஞ்ச நிமித்துவாரு. ஆனா எனக்கு ரெண்டரை சதவீதம்ங்கறது நம்பவே முடியல, ராத்திரி பத்து மணிக்கு டாஸ்மாக் மூடினப்புறம் எங்க ஊர் ரோட்ட ஒரு தடவ பாத்தவன் யாரும் நம்ப மாட்டான். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. குடிய நியாயப்படுத்த வரல, அதையும் சொல்லிடறேன்.

பிரேக்ஷூ_கோவை

முதல்ல வெறும் தூரக் கணக்க வெச்சு பேசுவோம், ஏன்னா இதுல யாரும் மழுப்ப முடியாது. கண்ணு ஒன்ன பாத்து கால் பிரேக்குக்கு போக ஒன்றரை செகண்டுன்னு வெச்சுக்கங்க. நல்ல டயர், காஞ்ச தார் ரோடு. 60ல வர்றவன் அந்த ஒன்றரை செகண்டுல 25 மீட்டர் போயிடுவான், அப்புறம் பிரேக் புடிச்சு நிக்க இன்னொரு 20, ஆக 45 மீட்டர். அதே இடத்துல 80ல வர்றவனுக்கு மொத்தம் 69 மீட்டர் வேணும். அதாவது 60ல வந்தவன் குறுக்க வந்த ஆளுக்கு முன்னாடி நின்னுட்டான்னா, 80ல வந்தவன் அதே புள்ளிய தாண்டும்போது இன்னும் 65ல இருப்பான். 110ல வர்றவன்? அவன் கால் அப்ப தான் பிரேக்க தொடுது.

இப்ப மச்சானுக்கு வருவோம். போதைல ரியாக்‌ஷன் ஒரு செகண்டு லேட்டுன்னே வெச்சாலும், 40ல வந்தா சுமார் 37 மீட்டர்ல நின்னுடுவாரு. அதனால இந்த ஒரு கணக்குல அவர் சொல்றது தப்பில்ல, நேர்மையா ஒத்துக்கணும். மோதல் சக்தியும் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 40க்கும் 110க்கும் ஏழரை மடங்கு வித்தியாசம். 40ல சுவத்துல முட்டறது ரெண்டு மாடி உயரத்துல இருந்து விழறது, 110ன்னா அது பதினஞ்சு மாடிக்கு மேல.

ஆனா இந்தக் கணக்கெல்லாம் ஒரு நம்பிக்கைல நிக்குது. குடிச்சவர் 40லயே போவாருன்னு, எதிர்ல வர்றத பாப்பாருன்னு, தன் லேன்லயே இருப்பாருன்னு. அந்த மூணையும் தான் சாராயம் முதல்ல எடுத்துட்டு போகுது.

நூத்தியெட்டு_நைட்ஷிப்ட்

அண்ணே நான் ஆம்புலன்ஸ்ல வேல பாக்கறவன், எந்த மாவட்டம்னு வேணாம். அந்த ரெண்டரை சதவீதத்த நானும் பாத்துருக்கேன், பாக்கும்போதெல்லாம் கோவம் வரும். சனிக்கெழம ராத்திரி ஒன்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும் நாங்க தூக்கறதுல பாதிக்கு மேல பைக்கு, ஹெல்மெட் கெடையாது, வாய்கிட்ட குனிஞ்சாலே வாடை அடிக்கும். அப்படி தூக்கிட்டு போய் ஜி.எச்.ல எறக்கினா டூட்டி டாக்டர் ஏ.ஆர். புக்குல, அதாவது விபத்து பதிவேட்டுல, "மது வாடை உள்ளது"ன்னு எழுதுவாரு, எழுதாமலும் போவாரு, தலைல ரத்தம் கொட்டிட்டு இருக்கும்போது அவருக்கு வாடை முக்கியமா உசுரு முக்கியமா சொல்லுங்க. ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பறது எல்லாருக்கும் நடக்கறதில்ல. சொந்தக்காரங்க வேற வந்து கால புடிப்பாங்க, "சார் குடின்னு எழுதிடாதீங்க இன்சூரன்ஸ் வராது"ன்னு. பொண்டாட்டி புள்ளைங்க நெலமைய பாத்தா அவங்கள குத்தம் சொல்லவும் மனசு வராது.

இன்னொன்னு. வண்டி கெடக்கற கோலத்த பாத்தே ஓரளவு தெரிஞ்சிடும். குடிச்சவன் நிறைய பேர் தனியா விழுந்துருப்பான், வளைவுல நேரா போயிருப்பான், நிக்கற லாரிக்கு பின்னாடி பிரேக் தடமே இல்லாம சொருகிருப்பான். பிரேக்கே புடிக்கலன்னா ஒன்றரை செகண்டு கணக்கெல்லாம் எங்க போச்சு? 40லயே சொருகினாலும் லாரியோட பின் இரும்பு நேரா கழுத்துக்கு வருது.

வாய்தா_வக்கீல்

ரெண்டரை சதவீதம் எப்படி வருதுன்னு நான் சொல்றேன். தமிழ்நாட்டுல எந்த ஸ்டேஷன்ல எந்த விபத்து எஃப்.ஐ.ஆர். எடுத்தாலும் ஒரு வரி மாறாது: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". நின்னுட்டு இருந்த வண்டிய ரிவர்ஸ்ல இடிச்சவன் மேலயும் இதே வரிய நான் பாத்துருக்கேன். காரணம், கேஸ் போடற சட்டப் பிரிவு. முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 279, 304ஏ, 2024 ஜூலைல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 281, 106. கேஸ் நிக்கணும்னா கண்மூடித்தனம், கவனக்குறைவு ரெண்டுல ஒன்னு வேணும், அதுக்குன்னே பழக்கப்பட்ட வரி அது. அப்புறம் புள்ளிவிவர படிவம் நிரப்பும்போது காரணம்ங்கற இடத்துல அதிவேகம்னு டிக் விழுது. யாரும் டயர் தடத்த அளந்து வேகம் கணக்கு போட்டு அந்த டிக்க போடறதில்ல.

குடிக்கு அப்படி இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 185 சொல்றது 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல, அதுவும் ஊதுற மெஷின்லயோ ரத்தப் பரிசோதனையிலயோ காட்டியாகணும். டெஸ்ட் எடுக்கலன்னா சட்டத்து கண்ணுக்கு அவன் குடிக்கல. இடிச்சவன் ஓடிட்டு மறுநாள் வக்கீலோட வந்து சரண்டர் ஆனா என்னத்த அளப்பீங்க? ஆக 71ல நெசமான வேகமும் இருக்கு, வேற எந்த காரணமும் எழுதத் தெரியாத கேஸும் இருக்கு, குடிச்சிட்டு வேகமா போனவனும் அதுக்குள்ள தான் இருக்கான். அந்த ரெண்டு எண்ணையும் தராசுல வெச்சு குடி சின்ன ஆபத்துன்னு முடிவு கட்டறது ரொம்ப தப்பு. அதே மாதிரி வேகம் சும்மா எழுதின காரணம்னு தள்ளறதும் தப்பு.

நாமக்கல்_பத்துசக்கரம்

வணக்கமுங்க. எங்கப்பா காலத்துல இருந்து லாரி தானுங்க எங்க குடும்பத்துக்கு. தொப்பூர் கணவாய்ல வந்து ஒரு நாள் நின்னு பாருங்க, வேகம்னா என்னன்னு தெரியும். தர்மபுரில இருந்து சேலம் பக்கம் எறக்கத்துல டீசல் மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல உடறானுங்க, கீழ வரைக்கும் பிரேக்க மிதிச்சுட்டே வந்தா லைனர் சூடேறி பிடிப்பே போயிருது, முன்னாடி போற நாலஞ்சு காரையும் சேத்து நசுக்கிட்டு தான் நிக்குது. அதுல பாதி டிரைவருங்க ஒரு சொட்டு குடிக்காத ஆளுங்க. முப்பது டன்னு லோடு வெச்சுட்டு 60ல வந்தாலே அந்த எறக்கத்துக்கு அது ஓவர் ஸ்பீடு தானுங்க, மீட்டர்ல என்ன நம்பருன்னு பாத்து ஆபத்த சொல்ல முடியாது.

குடியும் இருக்குதுங்க, மறைக்கல. முந்தி ஹைவே ஓரத்துலயே கடை. நம்ம தமிழ்நாட்டு கேஸ்லதான் சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பர்ல தேசிய, மாநில நெடுஞ்சாலைல இருந்து 500 மீட்டருக்குள்ள கடை கூடாதுன்னு சொல்லுச்சு. 2017 ஏப்ரல்ல ஆயிரக்கணக்குல மூடுனாங்க. அப்புறம் சின்ன ஊருக்கு 220 மீட்டர் போதும்னாங்க, அப்புறம் நகராட்சி எல்லைக்குள்ள தடை இல்லன்னாங்க, கடைசில கடை கொஞ்சம் உள்ள தள்ளி போச்சு, வண்டி ரோட்டோரம் நிக்குது, ஆளு நடந்து போயிட்டு வர்றான். எங்களுக்கு நேரத்துக்கு லோடு எறக்கணும்னு ஓனரு போன் மேல போன் போடறாரு பாருங்க, அதுல தான் வேகமும் வருது, தூக்கமும் கெடுது, ஒடம்பு வலிக்கு குடியும் வருது. மூணுக்கும் வேரு ஒன்னுதானுங்க.

கேடிஎம்_கார்த்தி

ப்ரோஸ், எல்லாரும் வேகத்த ஒரேயடியா பேய் மாதிரி பேசறீங்க. இப்ப வர்ற பைக்ல டூயல் சேனல் ஏபிஎஸ் இருக்கு, டயர் கிரிப் வேற லெவல், ரோடும் நல்லா இருக்கு, முழு கியர் போட்டு ஓட்டறோம். ஈசிஆர்ல காலைல அஞ்சு மணிக்கு ட்ராஃபிக்கே இல்லாதப்ப 120 போனா யாருக்கு என்ன? குடிச்சவனுக்கு கன்ட்ரோல் இல்ல, எங்களுக்கு இருக்கு. ரெண்டையும் ஒன்னா வெக்கறது அநியாயம்.

பிரேக்ஷூ_கோவை

தம்பி, ஏபிஎஸ் வீல் லாக் ஆகாம தடுக்கும், நிக்கற தூரத்த மாயமா பாதியாக்காது. ஈசிஆர் ரேஸ் டிராக் இல்லப்பா, ரெண்டு பக்கமும் மீனவர் குப்பம், காலைல அஞ்சு மணிக்கு தான் கூடை தூக்கிட்டு குறுக்க கடப்பாங்க. கடக்கறவங்க உன் ஹெட்லைட்ட பாத்து "இது இன்னும் தூரம் இருக்கு"ன்னு கணக்கு போடறாங்க, அவங்க கணக்கு 50, 60 வேகத்துக்கு பழகின கணக்கு. நீ 120ல வந்தா அவங்க கண்ணு ஏமாந்து போகும். உன் கைல கன்ட்ரோல் இருந்தாலும் அவங்க போட்ட கணக்கு உன் கைல இல்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்றது: கார் முன்பக்கம் இடிச்சு நடந்து போறவர் சாகற வாய்ப்பு 50ல இருந்து 65க்கு ஏறும்போதே நாலரை மடங்கு ஆகுது. 120லாம் அந்த பட்டியல்லயே கெடையாது.

அளவுகோல்

பாலாத்துக்காரன் கேட்ட கேள்விக்கு நேரடியா பதில் தேடின ஒரு ஆய்வு இருக்கு, ஆச்சரியமா இத யாரும் பேசறதே இல்ல. ஆஸ்திரேலியால அடிலெய்டு பல்கலைக்கழகத்து சாலை விபத்து ஆய்வுக்காரங்க 1997ல வெளியிட்டது. 60 லிமிட் இருக்கற ரோட்டுல, ஆளுக்கு அடிபட்ட விபத்துல சிக்கின கார்கள் என்ன வேகத்துல வந்துச்சுன்னு இடத்துக்கே போய் அளந்து கணக்கு போட்டாங்க, அதே இடத்துல அதே நேரத்துக்கு விபத்துல சிக்காம போற கார்களோட வேகத்தையும் எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டாங்க. குடிக்காத டிரைவருங்க மட்டும் தான். 60ல போறவனோட ரிஸ்க் ஒன்னுன்னா 65ல ரெண்டு மடங்கு, 70ல நாலு மடங்கு, 75ல பத்துக்கு மேல, 80ல முப்பதுக்கு மேல.

அதே ஊர்ல முன்னாடியே எடுத்திருந்த குடி ஆய்வோட பக்கத்துல வெச்சு பாத்தாங்க. 65ல போறதும், 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹாலோட ஓட்டறதும் ஏறக்குறைய ஒரே ரிஸ்க். 80ல போறது 210 மில்லிகிராமுக்கு சமம், அது நிக்கவே தள்ளாடற போதை. நம்ம சட்ட லிமிட் 30. நெனச்சு பாருங்க, ஊருக்குள்ள லிமிட்ட விட வெறும் 5 கிலோமீட்டர் கூட போறத நாம வேகம்னே சொல்ல மாட்டோம்.

இத படிச்சிட்டு குடி பரவால்லன்னு யாரும் எடுத்துக்காதீங்க. குடிச்சவன் மெதுவா போனா ரிஸ்க் குறையுதுங்கறது இந்த ஆய்வு சொல்லாத விஷயம். குடிச்சவனுக்கு தன் வேகம் தெரியறதே கொறஞ்சிடுது, தைரியம் ஏறுது, ரெண்டும் ஒன்னா வரும்போது தான் கொடுமை. 2024 மே மாசம் புனேல போர்ஷே கார்ல ரெண்டு ஐடி பசங்க செத்தது நெனவிருக்கும், 17 வயசு பையன் பார்ல இருந்து வந்தான், வேகமாவும் வந்தான், ரத்த மாதிரியையே மாத்திட்டாங்கன்னு தனி கேஸ் ஓடுது. அத குடிக் கணக்குல எழுதுவீங்களா வேகக் கணக்குல எழுதுவீங்களா? அதுக்கு முன்னாடி 2022 செப்டம்பர்ல டாடா குழுமத்தோட முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கம் செத்தாரே, அதுல குடி பேச்சே இல்ல. வேகம் ஒன்னு, பின் சீட்ல பெல்ட் போடாதது ஒன்னு. முன் சீட்ல இருந்த ரெண்டு பேரும் பொழச்சாங்க.

பாலாத்துக்காரன்

இந்த 65 விஷயத்த படிச்சதும் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஒரு சந்தேகம், ராத்திரி நல்லா குடிச்சிட்டு தூங்கி எந்திரிச்சு காலைல ஆறு மணிக்கு கெளம்பறாங்களே, அது சேஃப் தானா? கல்யாண வீட்ல இது தான் வழக்கமே.

வார்டு_அக்கா

இல்ல தம்பி. ஈரல் அது பாட்டுக்கு ஒரே வேகத்துல தான் வேல செய்யும், 100 மில்லி ரத்தத்துக்கு சராசரியா மணிக்கு 15 மில்லிகிராம் எறக்கும். நடுராத்திரி 12 மணிக்கு 150ல இருந்தவருக்கு காலைல ஆறு மணிக்கும் 60 இருக்கும், சட்ட லிமிட்டுக்கு டபுள். மோரு, எலுமிச்சை, கட்டங்காப்பி, பச்சத்தண்ணி குளியல் எதுவும் இத வேகப்படுத்தாது, முழிப்பு வந்த மாதிரி ஒரு எண்ணம் மட்டும் வரும், அது இன்னும் மோசம். கூட தூக்கக் கலக்கமும் சேருது. முகூர்த்தம் முடிஞ்சு மதியம் கெளம்புங்க, இல்ல குடிக்காத ஒருத்தர் கையில சாவிய முந்தின நாளே குடுத்துடுங்க.

சிங்கை_தஞ்சாவூரான்

இங்க சிங்கப்பூர்ல குடி லிமிட் 80 மில்லிகிராம், நம்ம ஊர விட தாராளம். ஆனா முதல் தடவ மாட்டினாலே 2,000ல இருந்து 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஜெயில் கூட போகலாம், ரெண்டு வருஷத்துக்கு கொறையாம லைசென்ஸ் போச்சு. வேகத்துக்கு கேமரா, புள்ளி கூடிட்டே போயி லைசென்ஸ் முடங்கும். இங்க இருக்கற நம்மாளுங்க யாரும் சாவிய தொட மாட்டாங்க, அதே ஆளு லீவுல ஊருக்கு வந்தா மாமா வண்டிய எடுத்துட்டு கெளம்பறாரு. ஆளு அதே ஆளு தான். மாட்டிக்குவோம்ங்கற பயம் இங்க இருக்கு, அங்க இல்ல.

வாய்தா_வக்கீல்

தண்டனைய பாத்தா சட்டம் எத பெருசா நெனைக்குதுன்னு தெரியும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் குடிக்கு முதல் தடவ 10,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், அடுத்த தடவ 15,000, ரெண்டு வருஷம். வாரண்ட் இல்லாம கைது பண்ணலாம். கார்ல அதிவேகத்துக்கு 1,000ல இருந்து 2,000. அவ்ளோ தான். அளவுகோல் சொன்ன ஆய்வுப்படி 60 ரோட்டுல 80ல போறவன் நிக்க முடியாத போதைக்காரன் அளவு ஆபத்து, அவனுக்கு ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் செலவுல ஃபைன். சென்னைல 2023 நவம்பர்ல காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்பு தெருவுக்கு 30ன்னு லிமிட் போட்டாங்க, தெருவுல 30ல போறவன ஒருத்தன காட்டுங்க. கார் வேக வரம்ப கூட்டின 2018 மத்திய அறிவிப்ப நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் 2021ல ரத்து பண்ணுச்சு, விபத்துக்கு முக்கிய காரணமே வேகம்னு அரசாங்கமே சொல்லிட்டு வரம்ப ஏத்தறது எந்த ஊர் நியாயம்னு தான் அந்த கேஸ்ல கேள்வி.

சாவு விழுந்தா மட்டும் குடி பாரம் கூடும். மும்பை கார்ட்டர் ரோட்டுல 2006ல நடைபாதைல படுத்திருந்த 7 தொழிலாளிங்கள குடிச்சிட்டு கார ஏத்தி கொன்ன கேஸ்ல, வெறும் கவனக்குறைவு இல்ல, கொலை ஆகாத மரணம் விளைவிச்ச குற்றம்னு 304 இரண்டாம் பகுதில 3 வருஷம் குடுத்தத 2012ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. ஏழு உசுருக்கு மூணு வருஷம். எனக்கு அது இன்னைக்கும் ஆறாது.

மருதக்காரி

ஆம்பளைங்க எல்லாம் ஓட்டறவங்க பக்கம் இருந்தே பேசறீங்க, பின் சீட்ல உக்காந்து வர்ற எங்கள யாரும் கேக்கல. குடிச்சிட்டு வண்டிய எடுத்தா நான் எறங்கி நின்னு சத்தம் போடலாம், அத்தை வருவாங்க, மாமா வருவாரு, பக்கத்து வீட்டுக்காரர் கூட வந்து சாவிய புடுங்குவாரு, ஊரே என் பக்கம் நிக்கும். ஆனா மேலூர் ரோட்டுல 120ல போகும்போது "கொஞ்சம் மெதுவா போங்க"ன்னு சொன்னா என்ன பதில் வரும்? "பயமா இருந்தா கண்ண மூடிக்க." பின்னாடி உக்காந்திருக்க மாமியார் கூட "அவனுக்கு கை சுத்தம்டி, சின்ன வயசுல இருந்தே ஓட்டறான்"னு பெருமையா சொல்லும். மூணு மணி நேரத்துல மதுரைல இருந்து எங்க வேணா போயிருவாருன்னு சொந்தக்காரங்க மெச்சிக்குவாங்க. மடில தூங்கற புள்ளைக்கு பெல்ட் கெடையாது, சைல்டு சீட் வாங்கலாம்னா தண்டச்செலவு. குடிய வெக்கக்கேடுன்னு சொல்ல நமக்கு தெரியுது, வேகத்த மட்டும் தெறமைன்னு வளத்து விட்ருக்கோம். எனக்கு ரெண்டாவது தான் தெனமும் நடக்குது, அதனால எனக்கு அது தான் பெரிய ஆபத்து. யாரும் கோவிச்சுக்காதீங்க.

நூத்தியெட்டு_நைட்ஷிப்ட்

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. பகல்ல நாங்க போற கேஸ் எல்லாம் அந்த மாதிரி தான், குடும்பத்தோட கார், குடி இல்ல, நேரா சென்டர் மீடியன். ராத்திரி குடி, பகல்ல வேகம், எங்களுக்கு ரெண்டு ஷிப்டும் ஓடுது. ஒரு தகவல் மட்டும், விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு தமிழ்நாடு அரசோட இன்னுயிர் காப்போம் திட்டத்துல இலவச சிகிச்சை இருக்கு, அதுல சேந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் செல்லும், 2021 டிசம்பர்ல இருந்து நடக்குது. காசு இல்லன்னு யாரும் லேட் பண்ணாதீங்க.

கேடிஎம்_கார்த்தி

அக்கா பாயிண்டுக்கு என்கிட்ட பதில் இல்ல. வக்கீல் சார், ஒரு டவுட், ஃப்ரெண்டு குடிச்சிட்டு ஓட்டறான், நான் குடிக்காம பின்னாடி உக்காந்திருக்கேன், எனக்கும் ஃபைன் போடறாங்களாமே நெசமா?

வாய்தா_வக்கீல்

நெசம் தான். மோட்டார் வாகனச் சட்டத்துல 188ம் பிரிவு, குத்தத்துக்கு உடந்தையா இருந்தா அதே தண்டனைங்குது. 2022 அக்டோபர்ல சென்னை டிராஃபிக் போலீஸ் இத வெச்சு தான் கூட வர்றவங்களுக்கும் அபராதம்னு அறிவிச்சாங்க. வெறும் லிமிட் தாண்டினதுக்கு அந்த பிரிவு பொருந்தாது, வேகம் 184ம் பிரிவு சொல்ற ஆபத்தான ஓட்டலா ஆனா பொருந்தும், "இன்னும் முறுக்குடா"ன்னு பின்னாடி இருந்து சொல்றவன் மேலயும் போடலாம், ஆனா அப்படி போட்ட கேஸ நான் கோர்ட்ல பாத்ததில்ல. இன்சூரன்ஸும் கேட்டுக்கங்க, குடிச்சிருந்தா சொந்த வண்டி ரிப்பேருக்கு காசு வராது. 2007ல டெல்லில நொறுங்கின ஒரு போர்ஷே கேஸ்ல ரத்த அளவு டெஸ்டே எடுக்கலன்னாலும் சூழ்நிலைய வெச்சு மறுக்கலாம்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. வேகத்துக்கு அந்த மாதிரி விலக்கு சாதாரண பாலிசில கெடையாது, 140ல போய் நசுக்கினாலும் கம்பெனி பணம் குடுக்கும். பாலாத்துக்காரன், மச்சான்கிட்ட இத சொல்லும்போது ரெண்டு பாதியையும் சேத்தே சொல்லுங்க, உங்க 110க்கும் சேத்து.